காரணம் காட்டாமல் நின்ற வண்டி

வியாதிகளுக்குள் மிகவும் பொல்லாதது எது என்று என்னைக் கேட்டால், வைத்தியர் வீட்டுத் திண்ணையில் ஏறியவுடன் மறைந்து போகும் வியாதிதான் என்று சொல்வேன். இரவெல்லாம் பிராணனை வாங்கிய பல்வலி, பல் வைத்தியரின் நாற்காலியைக் கண்டதும் இருந்த இடம் தெரியாமல் ஓடிவிடுவதை நம்மில் அநேகர் அனுபவித்திருக்கிறோம். மோட்டார் வண்டிக்கும் இப்படிப்பட்ட வியாதி உண்டு. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், நடுவழியில் நின்றுவிடும். கால் மணி நேரம் கழித்து, ஒன்றுமே நடவாதது போல் கிளம்பும். பட்டறைக்குக் கொண்டுபோனாலோ பரம சாதுவாக நாள் முழுவதும் ஓடிக் காட்டும்.

சென்ற இதழில் பாட்டரியைப் பற்றி நான் எழுதியிருந்ததைப் படித்த நேயர் ஒருவர், தம்முடைய வண்டிக்கு இந்த வியாதி கண்டிருப்பதாகவும், மூன்று பட்டறை ஏறி இறங்கியும் குணமாகவில்லை என்றும், இதற்கு ஏதேனும் கைகண்ட மருந்து உண்டா என்றும் எழுதிக் கேட்டிருக்கிறார். மருந்து என்னிடம் இல்லை. ஆனால் இதே வியாதியோடு நான் மூன்று மாத காலம் பட்ட பாடு இருக்கிறது. அதைச் சொல்கிறேன். அவருக்கு வேண்டியது அதில் அகப்பட்டாலும் அகப்படலாம்.

2011-ஆம் வருஷம், தை மாதம். தென்காசிப் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பௌதிகம் கற்பித்துக்கொண்டிருந்தேன். என்னிடம் இருந்தது கார்ப்யூரேட்டர் காலத்து வண்டி. எனக்கு முன் இரண்டு எஜமானர்களைக் கண்டது. என் தாயாருக்கு இரண்டு கண்களிலும் புரை விழுந்திருந்தது. வலது கண் அநேகமாய் மூடியே போய்விட்டது. திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரியில் காட்டி வந்தோம். எங்கள் ஊரிலிருந்து 50 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். முழங்கால் வலியால் அம்மாவுக்குப் பஸ் ஏற முடியாது. அவளை அழைத்துப் போவதற்காகவே கடன் வாங்கி அந்த வண்டியை வாங்கியிருந்தேன்.

முதல் முறை வண்டி நின்றது பாவூர்ச்சத்திரத்தைத் தாண்டி, பொழுது விடிகிற நேரத்தில். லேசாக இரண்டு குலுக்குக் குலுக்கிற்று, இருமிற்று, அடங்கிவிட்டது. பானெட்டைத் திறந்து, எல்லோரும் செய்வது போலவே நானும் அதற்குள் சற்று நேரம் முறைத்துப் பார்த்தேன். பிறகு சாவியைத் திருப்பினால் கிளம்பிவிட்டது! இன்னும் 12 கிலோமீட்டர் போய் மறுபடி நின்றது. மறுபடி கிளம்பிற்று. மாலையில் திரும்பி வரும்போது மட்டும் ஒரு தடங்கலும் இல்லை. "வீட்டைப் பார்த்துத் திரும்புகிற மாட்டுக்கு வேகம் சொல்லித் தர வேண்டுமா?" என்றாள் அம்மா. நானும் சிரித்தேன். அந்த வார்த்தையில் இருந்த உண்மை எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் புரிந்தது.

மறுநாள் பட்டறைக்குப் போனேன். மேஸ்திரி கெட்டிக்காரர், நாணயஸ்தர். எதையும் கழற்றுவதற்கு முன் குற்றாலம் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "ஸார், தங்கம் மாதிரி ஓடுது" என்றார். ஓடின பிறகு நிற்கிறது, ஆறின பிறகு கிளம்புகிறது என்றால், சூடுதான் காரணம் என்பது அவருடைய கட்சி. இந்தக் கட்சியில் நியாயம் இல்லாமல் இல்லை. பாட்டரியையும் காயிலையும் கொண்டு பொறி உண்டாக்கும் முறையை அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் 1910-ஐ ஒட்டி வகுத்தார். அதில் காயில் ஒன்று, கண்டென்ஸர் ஒன்று. இரண்டும் சூட்டில் கெட்டு, ஆறியவுடன் பிழைத்துக்கொள்ளும் குணம் உள்ளவை. காயிலுக்குள் முடி போன்ற கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருக்கிறது. அதில் எங்காவது ஒரு விரிசல் இருந்தால், சூட்டில் கம்பி விரியும்போது தொடர்பு விட்டுப் போகும், குளிர்ந்தால் ஒட்டிக்கொள்ளும். ஆகவே மேஸ்திரி காயிலை மாற்றினார். அடுத்த முறை கண்டென்ஸரும் பாயிண்டும் பிளக்குகளும் மாறின. ஒவ்வொரு முறையும் ஒரு வாரம், பத்து நாள் வண்டி சுகமாக ஓடும். குணமாகிவிட்டது என்று நாங்கள் நம்பிய பிறகு, திருநெல்வேலிப் பாதையில் நிற்கும்.

மாசி கடைசியில் அம்மாவின் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். அன்று விடியற்காலையில் வண்டி ஒரு ரயில்வே கேட்டைக் கடக்கும்போது, முன் சக்கரங்கள் அப்பாலும் பின் சக்கரங்கள் இப்பாலுமாக, தண்டவாளத்தின்மேல் நின்றுவிட்டது. ரயில் வர இன்னும் நேரம் இருந்தது. கேட்காரரும் சைக்கிளில் வந்த பால்காரர் ஒருவரும் தள்ளி அப்புறப்படுத்திவிட்டார்கள். ஆனால், கண் தெரியாத ஒரு கிழவியைப் பின் ஆசனத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே உட்கார்ந்து சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அந்த ஒரு நிமிஷத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. இத்தகைய சமயத்தில் முதலில் ஆட்களை இறக்கிவிட வேண்டும். பிறகு முதல் கியரில் போட்டு, கிளட்சை மிதியாமல் சாவியைத் திருப்பினால், எஞ்சின் கிளம்பாவிட்டாலும் ஸ்டார்ட்டரின் பலத்திலேயே வண்டி தத்தித் தத்திப் பத்தடி நகரும். இதை மேஸ்திரி பிற்பாடு சொல்லித் தெரிந்துகொண்டேன். கிளட்சை மிதித்தால்தான் ஸ்டார்ட்டர் வேலை செய்யும் என்று அமைத்த புது வண்டிகளில் இந்த வித்தை பலிக்காது.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது மணி பதினொன்று. டாக்டர் ஆபரேஷன் அறைக்குள் போய்விட்டார். அடுத்த தேதி ஒரு மாதத்துக்கு அப்பால் கிடைத்தது. "ஒரு மாசந்தானேடா, இந்தக் கண்ணோடு இவ்வளவு நாள் இருந்துவிட்டேனே!" என்றாள் அம்மா. அவள் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று இரவுதான், பௌதிகம் படித்தவன் செய்ய வேண்டிய காரியத்தைச் செய்யத் தொடங்கினேன். ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்தேன். நின்ற தேதி, மணி, கிளம்பியதிலிருந்து எத்தனையாவது கிலோமீட்டர், மழையா வெயிலா, எவ்விதமாக நின்றது, எவ்வளவு நேரம் கழித்துக் கிளம்பிற்று என்பதையெல்லாம் நினைவிலிருந்து முடிந்தவரை எழுதி, மேற்கொண்டும் எழுதிவரத் தீர்மானித்தேன்.

இவற்றுள் 'எவ்விதமாக நின்றது' என்பதுதான் முதற்கேள்வி. எஞ்சினுக்கு வேண்டியவை காற்று, பெட்ரோல், பொறி. பொறி அற்றுப் போனால், விளக்கை ஊதி அணைத்தது போல எஞ்சின் சட்டென்று நிற்கும். பெட்ரோல் அற்றுப் போனால் அப்படி நிற்காது. கார்ப்யூரேட்டரின் சிறு கிண்ணத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்குமல்லவா? அது குறையக் குறைய எஞ்சின் பலம் இழந்து, குலுங்கி, இருமி, பிறகுதான் அடங்கும். இதற்கு விலக்குகள் உண்டு என்றாலும், நூற்றுக்குத் தொண்ணூறு இடத்தில் இந்த அடையாளம் பொய்க்காது. என் வண்டி முதல் நாளிலிருந்தே இருமிக்கொண்டுதான் நின்றது. அதை மேஸ்திரியிடம் நான் சொல்லவே இல்லை. அவர் கேட்கவும் இல்லை.

அடுத்த முறை நின்றபோது கையோடு சோதனை செய்தேன். ஒரு பழைய பிளக்கைக் கம்பியில் மாட்டி, அதன் உடல் எஞ்சினின் இரும்பில் படும்படி வைத்து, என் மைத்துனனைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். கம்பியைக் கையால் தொடலாகாது. அருகில் பெட்ரோல் சிந்தியிருக்கவும் கூடாது. நீல நிறப் பொறி பளிச் பளிச்சென்று விழுந்தது. புதுக் காயிலும் புதுக் கண்டென்ஸரும் வாங்கிய பணத்தை நினைத்துக்கொண்டேன். பிறகு பிளக்கை எடுத்து வைத்துவிட்டு, கார்ப்யூரேட்டருக்கு வரும் ரப்பர்க் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டுச் சாவியைத் திருப்பினால், பீச்சிப் பீச்சி வர வேண்டிய பெட்ரோல் நாலு சொட்டு வந்து நின்றது. குற்றவாளி பெட்ரோல் பாதையில் ஒளிந்திருக்கிறான் என்பது நிச்சயமாயிற்று.

இந்தச் செய்தியோடு போனதும் மேஸ்திரி முகம் மலர்ந்தது. பம்பை மாற்றினார், வடிகட்டியை மாற்றினார். அடுத்த பிரயாணத்தில் நின்றது. டாங்கிக்குள் இலையோ காகிதத் துண்டோ கிடந்து, உறிஞ்சுகிற குழாயின் வாயில் போய் ஒட்டிக்கொள்வது உண்டு. எஞ்சின் நின்றவுடன் உறிஞ்சும் இழுப்பு இல்லாமல் அது விலகிப் போகும். வண்டி மறுபடி கிளம்பும். எங்கள் வண்டியின் லட்சணத்துக்கு இது அப்படியே பொருந்திற்று. ஆகவே டாங்கியை இறக்கிக் கழுவினார்கள். உள்ளே ஒரு தூசி இல்லை. மொத்தத்தில் ஒன்பதாயிரம் ரூபாய்க்கு மேல் ஆயிற்று. பாதிப் பணத்தை மேஸ்திரி வாங்க மறுத்துவிட்டார். அவருக்கு அது மானப் பிரச்னையாகிவிட்டது.

பங்குனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் நோட்டுப் புத்தகத்தைப் பரப்பிக்கொண்டு தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் குறிப்புகளில் ஒரு விநோதம் இருந்தது. சூடுதான் காரணம் என்றால் உச்சி வெயிலில் அதிகமாக நிற்க வேண்டும். ஆனால் நின்றவை எல்லாம் விடியற்காலை. நடுப்பகலில் ஒருமுறைகூட இல்லை. மனைவி மாதக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். "வண்டி நின்ற தேதிகளைப் படியுங்கள்" என்றாள். படித்தேன். ஒவ்வொரு தேதிக்கும் தன் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே வந்தவள், கடைசியில், "உங்கள் வண்டிக்கு வயிறு நிறைந்தால் ஆகாது போலிருக்கிறதே!" என்றாள்.

விஷயம் இதுதான். உள்ளூரில் ஓடுவதற்கு நான் இரண்டு நாளைக்கு ஒருமுறை 5 லிட்டர் போடுவது வழக்கம். உபாத்தியாயர் சம்பளத்துக்கு அதுதான் கட்டும். திருநெல்வேலிப் பயணம் என்றால் மட்டும், முந்தின நாள் மாலையே டாங்கி நிரம்பப் போட்டு வைப்பேன். கணக்குப் புத்தகத்தில் பெரிய பெட்ரோல் பில் எந்தத் தேதியில் இருந்ததோ, அதற்கு மறுநாள் வண்டி நின்றிருந்தது. சங்கரன்கோயில் கல்யாணத்துக்குப் போன தினம் உட்பட, ஒன்றுகூடத் தப்பவில்லை.

பெட்ரோல் நிறைந்திருந்தால் பெட்ரோல் வராது! கேட்டால் சிரிப்பார்கள். நானும் அரை மணி நேரம் திகைத்துத்தான் உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான், பன்னிரண்டு வருஷமாகப் பாயில் விதியைக் கற்பித்தவன் நான் என்பது எனக்கு ஞாபகம் வந்தது. டாங்கியிலிருந்து பெட்ரோல் போகப் போக, காலியான இடத்துக்கு வெளியிலிருந்து காற்று வர வேண்டும். அதற்காகவே அந்தக் காலத்து வண்டிகளின் டாங்கி மூடியில் ஒரு சின்னஞ்சிறு துவாரம் வைத்திருப்பார்கள். தை மாதத்தில் பெட்ரோல் பங்க் ஒன்றில் என் மூடியை மறந்து வைத்துவிட்டு வந்து, வழியில் ஒரு கடையில் வேறு மூடி வாங்கிப் போட்டிருந்தேன். ஒரு சொட்டுக்கூடக் கசியாத இறுக்கமான மூடி என்று அதைக் குறித்து எனக்குப் பெருமை வேறு! முதல் முறை வண்டி நின்றது அதை வாங்கியதற்கு மறு வாரம்.

துவாரம் இல்லாத மூடிக்கு உள்ளே என்ன நடக்கும்? என் டாங்கி கொள்வது 36 லிட்டர். நிரப்பினால் மேலே 2 லிட்டர் அளவு காற்றுதான் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 14 கிலோமீட்டர் வீதம் 18 கிலோமீட்டர் போவதற்குள் ஒன்றேகால் லிட்டர் செலவாகிவிடும். அந்த 2 லிட்டர் காற்று இப்போது மூன்றேகால் லிட்டர் இடத்தில் பரவி நிற்க வேண்டும். இடம் பெருகினால் அதே விகிதத்தில் அமுக்கம் குறையும் என்று ராபர்ட் பாயில் 1662-இல் எழுதிவைத்திருக்கிறார். வெளியே அமுக்கம் அதிகம், டாங்கிக்குள் குறைவு. பம்பு எவ்வளவு உறிஞ்சினாலும் பெட்ரோல் ஏற மறுக்கிறது. டாங்கியில் பாதிதான் இருக்கிறது என்றால், மேலே 18 லிட்டர் காற்று இருக்கும். அதே ஒன்றேகால் லிட்டர் செலவானாலும் அமுக்கம் குறைவது சொற்பம். தவிர, ஒவ்வொரு முறை 5 லிட்டர் போடும்போதும் மூடியைத் திறந்து நானே காற்றை உள்ளே விட்டுக்கொண்டிருந்தேன்.

விடியற்காலைக் கதையும் இதில் அடக்கம். பெட்ரோல் தானே ஆவியாகும் சரக்கு. வெயிலில் அதிக ஆவி எழும்பி, காற்றின் குறையைப் பாதி ஈடு செய்துவிடும். குளிர்ந்த வேளையில் அந்த உதவி போதாது. கால் மணி நேரம் நின்றால் கிளம்பியதற்குக் காரணம், எந்த மூடியும் முழுக்க முழுக்க இறுக்கமாக இராது. மெல்ல மெல்லக் காற்று கசிந்து உள்ளே போய்விடும். மாலையில் திரும்பும்போது டாங்கி சற்றுக் காலியாயிருக்கும், பகலெல்லாம் நின்று காற்றும் ஏறியிருக்கும். ஆகவே மாடு வீட்டைப் பார்த்து ஓடியது! பட்டறையிலோ, சாமான் கழுவுவதற்குப் பையன்கள் முதற்காரியமாக மூடியைத் திறந்து ஒரு டப்பாப் பெட்ரோல் எடுத்துவிடுவார்கள். வியாதி மறைந்ததில் என்ன ஆச்சரியம்?

இவ்வளவும் காகிதத்தில் சரிதான். காகிதத்தில் காயிலும் சரியாகத்தான் இருந்தது. அதனால் மறு ஞாயிறு விடியற்காலையில், டாங்கியை நிரப்பி, மூடியை இறுக்கி, மேஸ்திரியையும் ஏற்றிக்கொண்டு வேண்டுமென்றே புறப்பட்டேன். 19-ஆவது கிலோமீட்டரில் வண்டி இருமி நின்றது. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைப் பார்த்து மேஸ்திரி பயந்துவிட்டார். பின்னால் போய் மூடியைத் திருகினேன். 'புஸ்ஸ்' என்று காற்று உள்ளே பாயும் சத்தம் அவர் காதிலும் விழுந்தது. உடனே சாவியைத் திருப்பினால், இரண்டு மூன்று சுற்றில் எஞ்சின் கிளம்பிவிட்டது. கால் மணி நேரம் காத்திருக்கவில்லை. மூடியைச் சற்றுத் தளர்த்தி வைத்து ஆலங்குளம் தாண்டிப் போய்த் திரும்பினோம், நிற்கவில்லை. மறுபடி நிரப்பி இறுக்கினேன், மறுபடி நின்றது. வெறும் 'புஸ்' சத்தத்தை மட்டும் வைத்து யாரும் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. நல்ல வண்டிகளிலும் அந்தச் சத்தம் கொஞ்சம் வரும். குறையை வேண்டும்போது வரவழைக்கவும், வேண்டும்போது போக்கவும் முடிகிறதா என்பதே பார்க்க வேண்டியது. மேஸ்திரி ஆணியை எடுத்து மூடியில் துளை போடக் கிளம்பினார். பெட்ரோல் தளும்பி வெளியே வந்து தீக்கு இடமாகும் என்று தடுத்து, அந்த வண்டிக்கே உரிய மூடியை வாங்கிப் போட்டோம்.

எழுதிக் கேட்ட நேயரின் வண்டி புது வண்டியாக இருக்கலாம். அதற்கு டாங்கிக்குள்ளேயே பம்பு இருக்கும். மூடியைச் சந்தேகிக்க அவ்வளவு இடமில்லை. அதில், எஞ்சினின் சுழற்சியைக் கவனித்துச் சொல்லும் ஒரு ஸென்ஸர் உண்டு. பழைய காயிலைப் போலவே சூட்டில் மயங்கி, ஆறினால் தெளிவது அதன் சுபாவம். அது கெட்டால் வண்டி இருமாது, சட்டென்று நிற்கும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது சுழற்சி காட்டும் முள் பூஜ்யத்தை விட்டு அசையாமல் இருந்தால், சந்தேகத்தை முதலில் அதன்மேல் வைக்கலாம். பம்புக்கு மின்சாரம் தரும் ரிலேயையும் பார்க்க வேண்டும். இந்த வண்டிகளில் உள்ள கம்ப்யூட்டர், குறை கண்ட சமயத்தில் ஒரு குறியீட்டைத் தானே எழுதி வைத்துக்கொள்ளும். நான் நோட்டுப் புத்தகத்தில் செய்ததை அது செய்கிறது என்றாலும், முந்தின நாள் பெட்ரோல் போட்டது அதற்குத் தெரியாது.

சாவிக்கொத்தையும் நேயர் நிறுத்துப் பார்க்கட்டும். 2014-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி, சாவி ஸ்விட்சில் இருந்த குறைக்காகச் சுமார் 26 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. ஸ்விட்சின் பிடிப்புப் போதாமல், கனமான சாவிக்கொத்தின் பாரத்தாலோ பள்ளத்தில் விழுந்த குலுக்கலாலோ சாவி தானே பின்னுக்கு நழுவும். ஓட்டத்திலேயே எஞ்சின் நின்றுவிடும். விபத்தில் விரிய வேண்டிய காற்றுப் பையும் விரியாது. இதில் 124 பேர் மாண்டதாகக் கம்பெனி ஏற்படுத்திய நஷ்ட ஈட்டு நிதியே ஒப்புக்கொண்டது. இவ்வளவு காலம் அது பிடிபடாததற்கு ஒரு காரணம் கவனிக்கத்தக்கது. 2006-இல் ஸ்விட்சைத் திருத்தி அமைத்தவர்கள், அதன் எண்ணை மாற்றாமலே விட்டுவிட்டார்கள். பழைய ஸ்விட்சும் புது ஸ்விட்சும் காகிதத்தில் ஒன்றுதான். ஜார்ஜியா மாகாணத்தில், இப்படி ஒரு விபத்தில் மகளை இழந்த பெற்றோர் தொடுத்த வழக்குக்காக, ஓர் எஞ்சினீயர் இரண்டையும் வாங்கிப் பிரித்து அருகருகே வைத்துப் பார்த்த பிறகுதான் வித்தியாசம் வெளிப்பட்டது. இதைப் படித்தபோது எனக்கு என் மூடி ஞாபகம் வந்தது. நானும் ஒன்றை மாற்றினேன், ஒருவரிடமும் சொல்லவில்லை.

சித்திரை முதல் வாரத்தில் அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தது. டாங்கி நிரம்பப் பெட்ரோலோடு, வழியில் எங்கும் நில்லாமல் போய்ச் சேர்ந்தோம். கட்டு அவிழ்த்த பிறகு அவள் முதலில் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தாள். "இவ்வளவு பழசா இது? என்னிடம் சொல்லவே இல்லையே!" என்றாள்.

மேஸ்திரி இப்போதும் அதே பட்டறையில்தான் இருக்கிறார். நின்று நின்று போகிறது என்று யாராவது வண்டி கொண்டுவந்தால், பானெட்டைத் திறப்பதற்கு முன், "கடைசியா இதுலே எதை மாத்தினீங்க? சின்னச் சாமானா இருந்தாலும் சொல்லுங்க" என்று கேட்கிறார். அந்த இறுக்கமான மூடி அவர் மேஜைமேல் திருகாணி போட்டு வைக்கும் கிண்ணமாக இருக்கிறது.